தாமல் வளைவில் நிற்கும் எஞ்சின்

திருவிழாவில் நாங்கள் நடத்திய மோட்டார் ரேஸ் ஆட்டத்தில் முதல் ஆளாக உட்கார்ந்தவர் பிள்ளையார்பாளையம் ஆதிகேசவன். ஸ்டியரிங்கைப் பிடித்தவர் சாலையைப் பார்க்காமல் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை ஊர்வலத்துக் காரில் ஏறியவனுக்கு வரும் சிரிப்பு அவர் முகத்தில் இருந்தது. பெட்டிக்குள் பல்பு எரிந்தது. துணியில் வரைந்த சாலை நகர ஆரம்பித்தது. எஞ்சின் சத்தமும் கிளம்பியது. கொஞ்ச நேரம்தான். அவருடைய வலது காலும் இடது காலும் மாறி மாறி மிதிக்கத் தொடங்கிவிட்டன. ஆக்சிலேட்டர், பிரேக், ஆக்சிலேட்டர், பிரேக். சாலை குபுக்கென்று பாய்வதும் சடக்கென்று நிற்பதுமாக, தகரக் கார் விக்கல் எடுத்தவன் மாதிரி குலுங்கியது.

"இன்னாபா ஆதிகேசவா, மோட்டார் ஓட்றியா, முந்தானி நெய்யறியா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

அவர் குனிந்து, வேறு யாருடைய கால்களையோ பார்ப்பதுபோலத் தன் கால்களைப் பார்த்தார். "நான் மிதிக்கலபா. அதுங்களா மிதிக்குதுங்க" என்றார்.

அவரோடு முடிந்திருந்தால் கண் திருஷ்டி என்று ஒரு எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு விட்டிருப்போம். அடுத்து உட்கார்ந்தவரும் நெசவாளி. அதற்கடுத்தவரும் நெசவாளி. காஞ்சிபுரத்தில் கூட்டம் சேர்த்தால் வேறு யார் வருவார்கள்? எல்லாருக்கும் அதே விக்கல். வைகாசித் திருவிழா தொடங்கிய அன்றைக்கே, தேரடிக்குப் பக்கத்தில் நாங்கள் போட்ட கொட்டகை ஊருக்குச் சிரிப்பாகிப் போனது.

நாங்கள் என்றால் நானும் தர்மனும். தர்மன் தறி செய்யும் தச்சன். மரத்தைத் தொட்டே அது எந்தக் காட்டு மரம் என்று சொல்லிவிடுவான். மனிதர்கள் விஷயத்தில் அந்த சாமர்த்தியம் கிடையாது, அதனால்தான் என்னைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டான். நான் பட்டுக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டில் சாமிக்கு உடைக்கிற தேங்காயைக்கூட தட்டிப் பார்த்து, குறை சொல்லி, வேண்டாமென்று நாலடி நடந்து, கடைக்காரன் கூப்பிட்ட பிறகுதான் வாங்குவார்கள். கொட்டகைக்கு இடம் பிடித்ததும் அந்த நாலடியில்தான்.

தர்மன் மதராஸ் பொருட்காட்சியில் வெளிநாட்டு மெஷின் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். "கண்ணாடிக்குள்ள ரோடு ஓடுது வேணு. நாம உக்காந்து திருப்பணும். அந்தச் சத்தம் இருக்குது பாரு, வயித்துக்குள்ளயே காரு ஓட்ற மாதிரி இருக்குது" என்று ஒரு வாரம் சோறு இறங்காமல் திரிந்தான். பிறகு தானே செய்ய உட்கார்ந்தான். தறியில் பாவு நூல் சுற்றும் உருளைகள் இரண்டை நிறுத்தி அவற்றில் நீளமான துணியைச் சுற்றி, துணியில் சாலையை வரையச் செய்தான். பெட்டிக்குப் பின்னால் ஒருவன் நின்று கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முன்னால் உட்கார்ந்தவர் வலது பலகையை மிதித்தால் தோல்வார் இறுகி உருளை ஓடும். இடது பலகையை மிதித்தால் ஒரு கட்டை உருளையை அழுத்தி நிறுத்தும். ஸ்டியரிங் பழைய அம்பாசிடருடையது. அதைத் திருப்பினால் சாலைக்கு முன்னால் கம்பியில் நிற்கும் தகரக் கார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகும். எஞ்சின் சத்தத்துக்கு ஒரு பல்சக்கரமும் அதில் அடிபடும் மூங்கில் பட்டையும். அந்தப் பட்டையை இழைத்து இழைத்து, தன் காதுக்கு இனிமையாக இருக்கும்வரை சரிசெய்தான். அங்கேதான் கோளாறு. தறிச் சத்தத்தில் பிறந்து தறிச் சத்தத்தில் தூங்கியவன் காதுக்கு வேறு எது இனிமையாக இருக்கும்?

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் காசிநாதன். கூட்டத்தின் கடைசியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், எல்லாரும் சிரித்து முடித்த பிறகு தனியாகச் சிரித்தார். நானும் தர்மனும் அதை ஆச்சரியமாகப் பார்த்தோம். தை மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

"டேய் தர்மா, நீ செஞ்சி வச்சிருக்கிறது எஞ்சின் இல்லடா, தறி. டக்கு டக்குன்னு அது அடிக்குது, பலகையும் ரெண்டு பக்கத்துல ரெண்டு இருக்குது. நெசவுக்காரன் காலு எப்பிடிடா சும்மா இருக்கும்?" என்றார். "வண்டின்னா..." என்று ஆரம்பித்து, வாயாலேயே செய்து காட்டினார்.

அடிவயிற்றிலிருந்து வந்தது அது. முதலில் ஒரு இருமல், பிறகு தூக்கம் கலையாத உறுமல். கியர் விழும் இடத்தில் ஒரு மூச்சு நின்றது, நடுவில் சின்னதாக ஒரு ரேஸ், மறுபடி மூச்சு, அப்புறம் இன்னும் கனமான உறுமல். நடுநடுவே பின்சீட்டு ஜன்னல் கண்ணாடி கடகடப்பதுகூட இருந்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு கிழவி பஸ் வருகிறதென்று கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

காசியண்ணன் வாலாஜா போகும் தனியார் பஸ்ஸின் டிரைவராக இருந்தவர். முசரவாக்கத்து விவசாயக் குடும்பம். ஏரைப் பிடிக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்ததில் அவர் அப்பாவுக்கு மனக்குறை உண்டு. தை மாதத்தில் ஒரு காலை, தாமல் ஏரிக்கரை வளைவில் அவர் பிரேக்கை மிதித்தபோது கால் நேராகத் தரைக்குப் போனது. பஸ் கரையிலிருந்து இறங்கி, ஏரித் தண்ணீரில் பாதிச் சக்கரம் முழுக நின்றது. ஒருவரும் சாகவில்லை. ஒரு கூடை கத்தரிக்காய் ஏரியில் மிதந்ததோடு சரி. விசாரித்தவர்கள் அவர் மேல் தப்பில்லை என்றார்கள். முதலாளி நாலு நாள் லீவு கொடுத்து மறுபடி வரச் சொன்னார். அண்ணன்தான் போகவில்லை. பஸ்ஸில் பயணியாகக்கூட ஏறுவதில்லை. மாமியார் வீட்டு விசேஷத்துக்கு உத்திரமேரூர்வரை நடந்தே போனதாகச் சொன்னார்கள்.

அவரைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட வேண்டும் என்று தர்மன் தவித்தான். நேராகப் போய்க் கேட்டால் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். பெரிய சரக்கு வேண்டுமானால் அதைக் கண்ணெடுத்தும் பார்க்காமல், ஓரத்தில் கிடக்கும் துண்டுத் துணியைக் கையில் எடுக்க வேண்டும்.

"அண்ணே, உங்கள ஓட்டச் சொல்லல. ஸ்டியரிங்கத் தொடவே வாணாம். பின்னால ஸ்டூல் போட்டுத் தரோம். சத்தம் மட்டும் குடுங்க" என்றேன்.

"சத்தம் குடுக்கணும்னாலும் ஓட்டித்தானே ஆவணும் வேணு" என்றார். ஆனால் மறுநாள் சாயங்காலம், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்தார்.

மூங்கில் பட்டையைக் கழற்றி எறிந்தோம். தர்மன் கைப்பிடியைச் சுற்ற, பக்கத்தில் ஸ்டூலில் காசியண்ணன். பலகைகளில் கட்டிய கயிறுகள் அவர் கண் முன்னால்தான் போய் வந்தன. எது மிதிபடுகிறதோ அதற்கேற்ற சத்தம். சாலையும் அவருக்குத் தெரியும். பல்பு வெளிச்சத்தில் துணியின் பின்பக்கமாக, இடம் வலம் மாறித் தெரியும்.

ஆதிகேசவனை வலுக்கட்டாயமாக மறுபடி உட்கார வைத்தோம். எஞ்சின் இருமியது, உறுமியது. அவருடைய இடது கால் ஒருமுறை எழும்பி, யோசித்து, இறங்கிவிட்டது. வலது கால் பலகையை அழுத்தி அப்படியே நின்றது. சாலை சீராக ஓடியது. அவர் உடம்பே வளைவுக்கு வளைவு சாய்ந்தது. "தோ, ஏத்தத்துல மூச்சு வாங்குது பாரு!" என்று பார்த்தவர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். பக்கத்துக் கொட்டகையில் மரணக் கிணறு. அங்கே நிஜமான மோட்டார் சைக்கிள் சைலன்சர் இல்லாமல் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தது. அதை ஓட்டுகிறவன் இடைவேளையில் டீ கிளாஸோடு வந்து நின்று கேட்டான். "என் வண்டி ஒரே சுருதியில கத்துதுபா. இதுல கியர் இருக்குது" என்று, பெண்டாட்டியைக் குறை சொல்கிறவன் குரலில் சொன்னான். லாரிக்காரர்கள் இருவர் இது பெட்போர்டு எஞ்சினா லேலண்டு எஞ்சினா என்று கைகலப்புவரை போனார்கள். அண்ணன் உள்ளேயிருந்து, "லேலண்டுதான், உடுங்கபா" என்று தீர்த்துவைத்தார்.

எல்லாம் தாமல் வரைக்கும்தான்.

சாலையை வரைந்தவர் போர்டு எழுதும் சின்னப்பையன்; பெயர்தான் அப்படி, வயது ஐம்பதுக்கு மேல். மதராஸ் மெஷினில் இருந்த மாதிரி பனிமலையும் கடலும் போடச் சொன்னோம். அவர் இரண்டையும் பார்த்ததில்லை. பார்த்ததைத்தான் போட்டார்: முசரவாக்கம் மைல் கல், புளியமரங்கள், ஒரு மாட்டு வண்டி, அப்புறம் நீலத்தில் கை தாராளமாகப் போய் ஒரு பெரிய ஏரி, அதன் கரையில் ஒரு வளைவு. வரையும்போது எங்களில் ஒருவனுக்கும் உறைக்கவில்லை. துணி நகர்ந்து அந்த நீலம் வந்ததும் அண்ணனின் சத்தம் நின்றுவிட்டது. நின்றதும் உருளைக் கட்டைகளின் டக் டக் மட்டும் மிஞ்சியது. ஓட்டுகிறவரின் கால்கள் அதைக் கேட்டதும் தறி மிதிக்க ஆரம்பித்தன. கார் குலுங்கி, சாலையைத் தாண்டி, ஏரியில் இறங்கியது.

முதல் தடவை என்னவோ என்று நினைத்தோம். ஒவ்வொரு தடவையும் அங்கேதான். கூட்டம் அதையும் ஆட்டத்தில் ஒரு அங்கமாக எடுத்துக்கொண்டது. நீலம் தெரிந்ததும், "டீசல் தீந்துபோச்சு! எல்லாரும் எறங்கித் தள்ளுங்கபா!" என்று கத்துவார்கள். விஷயம் தெரிந்த சிலர் மட்டும் கத்தாமல் வேறு பக்கம் பார்ப்பார்கள். தாமலுக்கு அப்பால் சின்னப்பையன் வரைந்திருந்த சாலையை அதுவரை எவரும் பார்த்ததில்லை.

"அண்ணே, அந்த எடத்துல வெள்ளையடிச்சிட்டு ஒரு தோப்பு போட்ரட்டுமா?" என்று தர்மன் கேட்டான்.

அண்ணன் சூடான பாலை ஊதிக்கொண்டிருந்தார். தொண்டைக்காகப் பனங்கற்கண்டு போட்டு நாங்கள் வாங்கித் தருவது. "துணில அழிச்சிட்டா ஏரி எங்கயாச்சும் போயிடுமா?" என்றார். பிறகு, கேட்காமலே, "அங்க வந்ததும் காலு பிரேக்கத் தேடுது தர்மா. தேடினா ஒண்ணுமில்ல. வெறும் காத்து. அப்புறம் வாய்க்கு என்னா வேல?" என்றார்.

திருவிழா பாதி கடந்தபோது கண்டக்டர் முனிசாமி கொட்டகைக்கு வந்தான். காசியண்ணனோடு அதே பஸ்ஸில் வருஷக்கணக்காக ஓடியவன். ஏரியில் மிதந்த கத்தரிக்காயை நீந்திப் பிடித்துக் கொடுத்தவனும் அவனே. திரைக்குப் பின்னால் போய் நின்று, செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"மொதலாளி இனிமே தாங்காதுன்னுட்டாருண்ணே. தேருக்கு மறுநா மொத ட்ரிப்பு. நீ வந்தா வண்டி உன்னுது. இல்லன்னா அரக்கோணத்து ஆளு ஒருத்தரு ஏறிடுவாரு. அதோட முடிஞ்சிது."

"நல்லா ஓட்றவரா?"

"யாரு கண்டா?"

"செகண்டு கியர் கொஞ்சம் மொரண்டு பண்ணும். அதட்டக்கூடாது, கெஞ்சணும். அவராண்ட சொல்லு" என்றார் அண்ணன். முனிசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. டிக்கெட் பையில் எதையோ தேடுகிறவன்போலக் குனிந்துகொண்டே வெளியே போனான்.

அன்றைக்கு அண்ணனின் மனைவி வடிவக்காவை வழியில் பார்த்தேன். பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டில் கூலிக்குத் தறி ஓட்டுகிறவள். கணவனுக்காக அழுது நான் பார்த்ததில்லை. ஊரில் யாராவது பரிதாபப்பட வந்தால் அவர்களுடைய வீட்டுக் கதையை விசாரித்து அனுப்பிவிடுவாள்.

"சோறு எப்பிடியோ ஆயிடுது தம்பி. அதுக்கில்ல" என்றாள். "விடிகாலைல தூக்கத்துலயே அது எடது காலு பாயி ஓரத்துல கிளட்ச்ச மிதிக்குது. நான் ராட்டினம் சுத்திக்கினே அதப் பாத்துக்கினு இருக்கேன். அது மொகத்துல அந்நேரம் ஒரு கஷ்டமும் இல்ல தெரியுமா? முழிச்சப்புறம்தான் எல்லாம்."

"நீங்க வந்து ஒருவாட்டி ஆட்டம் பாருங்கக்கா" என்றேன்.

"வர்றேன். தறிய வுட்டு எறங்கின கையோட வர்றேன்" என்றாள்.

தேரோட்டத்துக்கு முந்தின சாயங்காலம் வந்தாள். வெளியூர்க் கூட்டம் வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம். சேலை மடிப்பில் அரக்குப் பட்டு நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. பின்னால் முனிசாமி, கழுத்தில் விசிலோடு, டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தான். வரிசையில் நின்றவர்களை, "கொஞ்சம் நவுருங்கபா, வூட்டுல அடுப்பப் பத்த வைக்கணும்" என்று ஒதுக்கிவிட்டு நேராகப் போய் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். பொம்பளை கார் ஓட்டப் போகிறாள் என்று கூட்டம் இரட்டிப்பானது. உள்ளே அண்ணனுக்கு ஆள் தெரியாது; கூட்டத்தின் கூச்சலில் குரலும் பிடிபடாது. அவருக்குக் கயிறுகள் மட்டும்தான் தெரியும்.

எஞ்சின் இருமிக் கிளம்பியது. வடிவக்கா வலது பலகையை அழுத்தினாள். வேகமே இல்லை. மைல் கல் வந்தது, புளியமரங்கள் வந்தன. மாட்டு வண்டியை அவள் தாண்டியபோது அண்ணன் உற்சாகத்தில் ஒரு ஹாரனும் அடித்தார். கூட்டம் கைதட்டியது. அவள் முகத்தை நான் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவில் அறுந்த இழையைத் தேடுகிறவள்போல முன்னால் குனிந்திருந்தாள்.

நீலம் எட்டிப் பார்த்தது. சத்தம் நின்றது.

"டீசல் தீந்து..." என்று ஒருவன் ஆரம்பித்தான். முனிசாமி அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிவிட்டான். உருளைகளின் டக் டக் மட்டும் கேட்டது. வடிவக்காவின் கால்கள் தறிக்குப் போய்விட்டன. வலது, இடது, வலது, இடது. மற்றவர்கள் அந்த இடத்தில் வெட்கப்பட்டு எழுந்துவிடுவார்கள். அவள் எழவில்லை. ஓங்கி மிதித்தாள், தீபாவளிக்கு முந்தின வாரம் சேலையை முடித்தாக வேண்டும் என்பதுபோல மிதித்தாள். பெட்டி ஆடியது. தகரக் கார் ஏரியின் விளிம்பில் துடித்தது. திரைக்குப் பின்னால் கயிறுகள் இரண்டும் கோழிச் சண்டைபோலக் குதித்திருக்க வேண்டும்.

"ஏய்! எவன்டா அவன்!" திரைக்குப் பின்னாலிருந்து அண்ணனின் நிஜக் குரல் வெடித்தது. "பிரேக்கயும் ஆக்சிலேட்டரயும் மாத்தி மாத்தி மிதிக்கிறவன் எவன்டா! கவுந்துடுவடா! எடது கால எட்றா!"

அவள் எடுக்கவில்லை.

"பிரேக்க மறந்துடுடா! பிரேக்கே இல்லன்னு நெனச்சிக்க! கியருல புடி, கியருல! தோ, கேளு, நான் குடுக்கறேன் கேளு!"

மூச்சு நின்றது. நடுவில் சின்னதாக ஒரு ரேஸ். மறுபடி மூச்சு. அதன் பிறகு வந்த சத்தத்தை அந்தத் திருவிழாவில் நாங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. செகண்டு கியரில் முழு பஸ்ஸும் தன்னைத்தானே பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிற முனகல். சீட்டுகள், கூடைகள், உள்ளே இருக்கும் அத்தனை பேரின் எடையும் அதில் இருந்தது. வடிவக்காவின் இடது கால் பலகையை விட்டு இறங்கியது. வலது கால் மெல்ல அமர்ந்தது. சாலை ஒரே சீராக நகர, அவள் ஸ்டியரிங்கை இஞ்ச் இஞ்சாகத் திருப்ப, தகரக் கார் ஏரிக்கரை வளைவில் ஒட்டிக்கொண்டே போனது. நீலம் ஒதுங்கியது, தேய்ந்தது, தீர்ந்தது.

அந்தப் பக்கம் சின்னப்பையன் ஒன்றும் பெரிதாக வரைந்திருக்கவில்லை. பெயின்ட் தீர்ந்த சமயம் போலிருக்கிறது. ஒற்றைப் பனைமரம், தூரத்தில் ஒரு கூரை, அப்புறம் வெறும் சாலை. ஆனால் கூட்டம் அதை வாய் பிளந்து பார்த்தது.

அந்தக் கால் மிதிப்பு தானாக வந்ததா, வரவழைத்ததா என்று பின்னால் ஒருநாள் வடிவக்காவைக் கேட்டேன். "தறிக்காரி காலு தம்பி, அது பாட்டுக்குப் போச்சு" என்றாள். விலை குறைக்க முடியாது என்று சத்தியம் செய்கிற எங்கள் அப்பாவின் முகத்தை ஆயிரம் முறை பார்த்தவன் நான். அதே முகம். அதற்கு மேல் கேட்கவில்லை.

அன்றைக்கு, அந்தப் பனைமரம் தாண்டியதும், அவள் காலை எடுத்தாள். தர்மன் கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்தினான். சாலை நின்றது. எஞ்சின் மட்டும் நிற்கவில்லை. நின்ற இடத்தில் ஓடும் வண்டியின் தாழ்ந்த உறுமலாக இறங்கி, அப்படியே இருந்தது.

"யாரு அது ஓட்றது?" என்று உறுமலுக்கு நடுவே ஒரு கேள்வி வந்தது.

"நான்தான்" என்றாள் வடிவக்கா. "வண்டி எங்க போவுது, அதச் சொல்லு."

நான் திரையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் காசியண்ணன். கண் மூடியிருந்தது. கன்னத்தில் வழிந்தது வியர்வையா வேறா என்று பல்பு வெளிச்சத்தில் தெரியவில்லை. இடது கை, காற்றில், கியர் குமிழின் மேல் இருந்தது. ஓடும் எஞ்சினில் அந்தக் குமிழ் எப்படி நடுங்குமோ அப்படி அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. வாய் உறுமிக்கொண்டே இருந்தது, பயணிகள் ஏறி முடிப்பதற்காகக் காத்திருக்கும் வண்டியைப்போல.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முனிசாமி முன்னால் வந்தான். ஒரு கையால் பெட்டியின் பக்கப் பலகையை, பஸ்ஸின் உடம்பைத் தட்டுவதுபோல, இரண்டு தட்டுத் தட்டினான். கழுத்திலிருந்த விசிலை எடுத்து வாயில் வைத்தான்.

உள்ளே, காசியண்ணனின் இடது கால் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் மண்ணை, கிளட்ச்சைப்போல, மெதுவாக அழுத்த ஆரம்பித்தது.